இழுக்கப் போய் உடைந்தது: ஏலத்தோட்ட இறக்கத்தில் ஒரு ரெக்கவரி விபத்து

மாருதி ஜிம்னி சறுக்கி, பாதையோர மழைநீர்க் கானுக்குள் இறங்கியபோது யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டியவர் கதவைத் தள்ளித் திறந்து வெளியே வந்து, சாய்ந்து கிடந்த வண்டியோடு சிரித்தபடி போட்டோவும் எடுத்துக்கொண்டார். ரத்தம் வந்தது அரை மணி நேரம் கழித்து, மேலே நல்லபடியாக நின்றிருந்த வேறொரு வண்டிக்குள். சிக்கிய வண்டியை எடுத்துவிட வந்த வண்டி அது. இந்த ஆய்வு முழுக்க அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான். ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஓட்டும் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு டயர், லிஃப்ட் கிட், டிஃப் லாக் என்றுதான் ஓடும். சிக்கின பிறகு யார் சொல்வதை யார் கேட்பது என்று பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

நான் அன்றைக்கு அந்த வரிசையில் ஒரு வண்டியில் பக்கத்து சீட்டில் இருந்தேன். பார்த்ததோடு, பிறகு மற்றவர்கள் போனில் எடுத்த வீடியோக்களையும் வாங்கிப் போட்டுப் பார்த்து, ஓட்டியவர்களிடம் தனித்தனியாகப் பேசியும் இதை எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள், தோட்டத்துக்காரர் உட்பட. சரி என்று விட்டுவிட்டேன்.

இடம்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வந்து, அங்கிருந்து சதுரங்கப்பாறைப் பக்கம் திரும்பினால் இரண்டு பக்கமும் ஏலத்தோட்டம்தான். ஏலமலைப் பகுதி இது. நிலம் இடுக்கி மாவட்டம். வேலை செய்யும் கைகளில் பல தமிழ்க் கைகள். போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி மலைக்கு வந்து சாயங்காலம் இறங்கும் பெண்கள் கூட்டம் தினமும் உண்டு. ஆகவே இங்கே ஃபோர் வீல் என்பது ஞாயிற்றுக்கிழமை விஷயம் இல்லை. கமாண்டர், மேஜர் ஜீப்புகள் உர மூட்டையும் ஆளும் ஏற்றிக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிற அதே பாதையில்தான் நாம் ஹெல்மெட் கேமரா மாட்டிக்கொண்டு சாகசம் என்று போகிறோம். இதைக் கேலிக்குச் சொல்லவில்லை, கதையில் பின்னால் இது தேவைப்படும்.

போனது தனியார் தோட்டத்துப் பாதை, உரிமையாளரிடம் கேட்டுத்தான் போனோம். கேட்காமல் போகும் காலம் மலையேறிவிட்டது. 2022 மே மாதம் வாகமண்ணில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்த ஆஃப்ரோடு நிகழ்ச்சி போலீஸ் வழக்காகப் போனதிலிருந்து தோட்டத்துக்காரர்களும் யோசிக்கிறார்கள். பூப்பாறையை ஒட்டியே மதிகெட்டான் சோலை இருக்கிறது, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிற எண்ணமே கூடாது. சாந்தன்பாறை, சின்னக்கானல் எல்லாம் யானை நடமாடும் இடம். 2023இல் அரிக்கொம்பன் என்ற யானையைச் சின்னக்கானலில் பிடித்துப் பெரியார் காட்டில் கொண்டுபோய் விட்டதும், அது அங்கிருந்து கம்பம் டவுனுக்குள்ளேயே இறங்கியதும் தேனி மாவட்டத்துக்காரர் யாருக்கும் மறக்காது. அதனால் இருட்டுவதற்குள் தார் ரோட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது காலையிலேயே போட்ட விதி. நல்ல விதி. ஆனால் சாயங்காலம் எல்லோரையும் அவசரப்படுத்தியதும் அதே விதிதான்.

மாதம் ஐப்பசி. காலையில் வெயில் பளீரென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டும். அன்றைக்கும் மூன்று மணிக்குக் கொட்டியது.

சறுக்கல்

ஏழு வண்டிகள். முன்னே குர்க்கா, ஓட்டியவர்தான் அன்றைய லீடர், நல்ல அனுபவசாலி. நடுவில் மஹிந்திரா தார் வண்டிகள், நான்காவதாக ஜிம்னி, கடைசியில் ஸ்வீப்பாக, அதாவது யாரும் விடுபடாமல் பார்த்து வரும் வண்டியாக, ஒரு பழைய ஜிப்ஸி. காலையில் டீக்கடை முன்னால் பத்து நிமிடம் பிரீஃபிங். பாதி நேரம் குரூப் போட்டோவுக்குப் போனது. இடைவெளி விட்டுப் போங்க, பின்னால் வர்ற வண்டி கண்ணில் படணும், ரேடியோவில் அரட்டை வேண்டாம். இவ்வளவுதான் சொன்னது. தப்பான பேச்சு எதுவும் இல்லை. விட்டுப்போனதைப் பிறகு சொல்கிறேன்.

மண்ணில் பிடி கூட டயர் காற்றைக் குறைப்பது வழக்கம், அன்றைக்கு யாரும் இறக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: ஏழு வண்டிக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்ரஸர். இருபது பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டால் திரும்பும்போது ஒவ்வொரு டயரையும் மறுபடி பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். சின்ன கம்ப்ரஸரில் டயருக்கு நாலு நிமிடம் என்று வைத்தாலும் இருபத்தெட்டு டயருக்கு இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதனால் "மண்ணு காஞ்சுதான் இருக்கு, பார்த்துக்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். காலையில் மண் காய்ந்துதான் இருந்தது.

இறக்கம் அவ்வளவு பயங்கரமானதில்லை. பிறகு போனில் அளந்து பார்த்தபோது 17 டிகிரி காட்டியது, அதாவது நூறு அடிக்கு முப்பதடி இறக்கம். மேலே சிவப்புக் களிமண், மழை பட்டதும் மெழுகிவிட்டது. இடது கையில் மேடு, வலது கையில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான், அதற்கப்பால் ஏலச்செடி. முன்னால் போன மூன்று வண்டிகளும் இறங்கிவிட்டன. ஒவ்வொரு வண்டியும் இறங்க இறங்க தடம் இன்னும் வழவழப்பாவதுதான் களிமண்ணின் குணம். நான்காவதாக வருகிறவருக்குக் கிடைப்பது முதலில் போனவர் பார்த்த பாதை இல்லை.

ஜிம்னியில் ரோடு டயர். ஓட்டியவர் லோ ரேஞ்சில்தான், அதாவது வண்டியை மெதுவாக, பிடியோடு நகர்த்தும் கியர் அமைப்பில்தான் இறங்கினார், இரண்டாவது கியர். பாதி இறக்கத்தில் பின்பக்கம் லேசாக ஒதுங்கியது. அவர் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தார். டவுனில் பல வருடம் ஓட்டிப் பழகிய கால் அப்படித்தான் போகும். கிளட்சை மிதித்த நொடியில் எஞ்சின் பிடித்து வைத்திருந்த பிடி போய்விடும். பிரேக் பிடித்ததும் சக்கரம் பூட்டிக்கொள்ளும், டயர் பள்ளங்களில் களிமண் அப்பிக்கொள்ளும், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி தன் போக்கில் போகும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மனசுக்குப் பிடிக்காத வேலை: பிரேக்கை விட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தொட்டு, சக்கரத்தை உருளவிட்டு, மூக்கை நேராகக் கீழ்நோக்கி வைப்பது. அவர் இடது மேட்டுப் பக்கம் ஒடித்தார். வண்டி குறுக்கே வந்து, வலது சக்கரங்கள் இரண்டும் கானுக்குள் இறங்கி நின்றது. மூக்கு கீழ்நோக்கி, வயிறு கான் விளிம்பில்.

இதுவரைக்கும் நடந்தது சாதாரணம். ஆஃப்ரோடு போனால் வண்டி சிக்கும்.

அரை மணி நேரம்

லீடர் அதற்குள் இரண்டு வளைவு தாண்டிக் கீழே போயிருந்தார். ஜிம்னியில் இருந்த கைரேடியோவில் சார்ஜ் இல்லை, அடுத்திருந்த வண்டியிலிருந்து கூப்பிட்டபோது இரைச்சல்தான் வந்தது. மலை மடிப்புக்குள் அது சகஜம். போனில் டவர் தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளப் பக்கமும் மாறி மாறித் தாவி, கடைசியில் இரண்டும் இல்லை. லீடர், பின்னால் யாரும் வரவில்லையே என்று நின்று, கீழிருந்து ரேடியோவில் "வண்டியைத் தொடாதீங்க, நான் நடந்து வர்றேன்" என்று சொன்னதாக என்னிடம் சொன்னார். மேலே யார் காதிலும் அது விழவில்லை.

சம்பவ இடத்தில் ஆண்கள் ஒன்பது பேர் இருந்தோம். வீடியோவில் எண்ணிப் பார்த்தால் முதல் ஐந்து நிமிடத்தில் ஆறு பேர் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கல் வைக்கலாம் என்கிறார் ஒருவர். ஜாக் போடலாம் என்கிறார் இன்னொருவர். அப்புறம் ஒரு குரல்: "அண்ணே, உங்க தாரைக் கொண்டுவந்து பின்னாலேர்ந்து ஒரு ஜெர்க் குடுங்க, வந்துரும்." அதுதான் ஜெயித்தது. சத்தமாகச் சொன்ன யோசனை என்பதைத் தவிர அது ஜெயிக்க எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

குரூப்பிடம் நல்ல கைனடிக் ரோப், அதாவது இழுக்கும்போது நீண்டு கொடுக்கும் நைலான் கயிறு, இருந்தது. அது லீடர் வண்டிப் பெட்டிக்குள். நடந்து போய் எடுத்துவர பத்து, பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். யாரும் போகவில்லை. அதற்குப் பதில் ஒரு வண்டியில் கிடந்த பட்டை வந்தது. கிரேனில் சரக்குத் தூக்கப் பயன்படுத்தும் பாலியஸ்டர் பட்டை, ஆறு மீட்டர். அதில் ஐந்து டன் என்று எழுதியிருந்தது. எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எல்லோரும் தைரியமானார்கள்.

பட்டையின் ஒரு முனை தாரின் முன்பக்க டோ ஹூக்கில் மாட்டப்பட்டது, அது சேஸிஸோடு வருவது, பிரச்சினை இல்லை. மறு முனை ஜிம்னியின் பின்பக்கம், வெளியே செய்து மாட்டிய இரும்பு பம்பரில் சிவப்புப் பெயிண்ட் அடித்துத் தொங்கிய டி ஷாக்கிளில், அதாவது டி வடிவ இரும்புக் கொக்கி வளையத்தில். ஷாக்கிள் நல்ல ஷாக்கிள்தான், முக்கால் இஞ்ச், 4.75 டன். ஆனால் அதைக் கோத்திருந்த இரும்புக் காது ஒரு மெல்லிய தகட்டில் வெல்டு வைத்து ஒட்டியது. அந்தத் தகடு பம்பரோடு போல்ட், பம்பர் சேஸிஸோடு இரண்டே போல்ட். மாட்டிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் இழுவைக்கு ஆகுமா என்று இவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பட்டையில் ஐந்து, ஷாக்கிளில் 4.75, வெல்டில் எவ்வளவு என்று எங்கேயும் எழுதியிருக்காது.

முதல் இழுப்பில் பட்டை விறைத்தது, தார் சக்கரம் சுற்றியது, ஜிம்னி அசையவில்லை. "கொஞ்சம் லூஸ் விட்டு வேகமா எடுங்கண்ணே." தார் கொஞ்சம் முன்னே வந்து பட்டையைத் தொங்கவிட்டு ரிவர்ஸில் பாய்ந்தது. இரண்டாவது ஜெர்க்கில் காது பிய்ந்தது. ஷாக்கிளும் அதோடு ஒட்டிய தகடும் பட்டை நுனியில் திரும்பிப் பறந்து, தாரின் பானட் விளிம்பில் பட்டுத் துள்ளி, முன் கண்ணாடியின் இடது ஓரத்தில் இறங்கின. முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவில் படலம் வைத்த லேமினேட்டட் கண்ணாடி என்பதால் உள்ளே முழுதாக வரவில்லை. உட்புறம் தெறித்த துண்டுகள் பக்கத்து சீட்டில் இருந்தவரின் முன்கையைக் கிழித்தன. பூப்பாறைப் பக்கம் போய் இரண்டு தையல் போட்டது. அரையடி மேலே பட்டிருந்தால் என்று எழுத ஆரம்பித்தால் நிறுத்த முடியாது, விடுகிறேன்.

ஒரு கணக்கு

பத்தாவது வகுப்புக் கணக்குதான். தார் ஆட்களோடும் சாமானோடும் இரண்டு டன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் பட்டை விறைக்கிறது. அந்த வேகத்தில் வண்டியில் இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 7,700 ஜூல். இந்த ஆற்றல் முழுக்க பட்டை நீளும் தூரத்துக்குள் அடங்கியாக வேண்டும். பாலியஸ்டர் அதிகம் நீளாது. ஐந்து சதவீதம் என்றால் ஆறு மீட்டருக்கு 30 சென்டிமீட்டர். அதில் அடக்கினால் சராசரி விசை இரண்டரை டன்னுக்கு மேல், உச்சத்தில் ஐந்து டன்னைத் தொடும். அதே ஆற்றலை ஒன்பது மீட்டர் கைனடிக் ரோப் இருபது சதவீதம் நீண்டு வாங்கினால், அடங்கும் தூரம் 1.8 மீட்டர், உச்ச விசை ஒரு டன்னுக்கும் கீழே. நைலான் கயிறு விலை அதிகம் என்று புலம்புகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கைனடிக் ரோப்பிலும் அந்தக் காதில் மாட்டி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தால் ஒரு கட்டத்தில் பிய்ந்துதான் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். ரோப் மட்டும் காப்பாற்றாது. பட்டை நடுவில் ஒரு கம்பளியோ ஈரச்சாக்கோ போட்டிருந்தால் பறக்கும் முனையின் வேகம் கொஞ்சமாவது குறைந்திருக்கும்; பின் சீட்டில் இரண்டு ஜமுக்காளம் கிடந்தது.

இன்னொரு கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜிம்னி சுமார் 1,200 கிலோ, சாமானோடு 1,400 வைப்போம். 17 டிகிரி சரிவில் அதன் எடையில் ஏறக்குறைய 400 கிலோ எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. மேலே இழுத்தால் அந்த 400 நமக்கு எதிரி, கீழே எடுத்தால் அதே 400 நமக்குக் கூலியில்லாத ஆள். இரண்டுக்கும் வித்தியாசம் 800 கிலோ. வண்டி போக வேண்டியதும் கீழேதான்! ஏன் மேலே இழுத்தோம்? கீழே இருந்த வண்டிகள் கண்ணில் படவில்லை, மேலே ஒரு தார் கையில் கிடைத்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்தது

லீடர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்தபோது மணி ஐந்தாகப் போகிறது. காயம்பட்டவரை ஜிப்ஸியில் ஏற்றி வந்த வழியே அனுப்பினார், மற்ற எல்லோரையும் மேட்டுப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னார். சத்தம் கேட்டுத் தோட்டத்து ஜீப் ஒன்று கீழிருந்து வந்தது, பழைய கமாண்டர். ஓட்டியவர் தேவாரத்துக்காரர், மலையில் ஜீப் ஓட்டியே தலை நரைத்தவர். இறங்கிக் கானை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு லீடரிடம் சொன்னது: "ஏத்துறதுக்குப் பார்க்காதீங்க சார். எறக்கி எடுத்துரலாம். மம்பட்டி இருக்கா?"

ஏழு வண்டியில் ஒரு மண்வெட்டி இல்லை. அவர் ஜீப்பிலிருந்தே வந்தது. ஜிம்னியின் முன்னால் கான் விளிம்பைச் சாய்வாக வெட்டி, வயிறு உட்கார்ந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, சக்கரத்துக்கு முன்னே கல் பரப்பினார்கள். டயர் காற்றை அப்போதுதான் இறக்கினார்கள். லீடர் கொண்டுவந்த ரோப்பை ஜிம்னியின் பின் சேஸிஸில் கட்டி, மேலே நின்ற தாரோடு இணைத்தார்கள். இழுக்க இல்லை, வண்டி மறுபடி ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள. ஜிம்னி முதல் கியரில், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, மனிதன் நடக்கும் வேகத்தில் கானை விட்டு ஏறிப் பாதைக்கு வந்தது. வேலை நாற்பது நிமிடம். வண்டி நகர்ந்தது ஒரு நிமிடம்.

மலை ஜீப்காரர் சொன்னால் வேதவாக்கு என்று எழுதுகிற வழக்கம் நம்மிடம் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே ஜீப்பில் சீட் பெல்ட் கிடையாது. கான் விளிம்பை வெட்டும்போது ஒரு பையனை ஜிம்னியின் மேடான பக்கத்து ஃபுட்போர்டில் பாரத்துக்கு நிற்கவைத்தார், லீடர் கத்தி இறக்கிவிட்டார். அன்றைக்கு அவர் சரியாகச் செய்தது ஒன்றுதான், ஆனால் அதுதான் தேவைப்பட்டது: கயிற்றைத் தொடுவதற்கு முன் வண்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் போக விரும்புகிறது என்று பார்த்தார். தினமும் உர மூட்டையோடு சிக்குகிறவருக்கு இழுக்க இன்னொரு வண்டி வராது. அதனால் மண்ணைத்தான் முதலில் வெட்டுவார்.

என் கருத்து

குரூப்புக்குள் பிறகு நடந்த பேச்சில் பெரும்பாலானவர்கள் பம்பரைத் திட்டினார்கள். சிலர் ரோடு டயரோடு வந்தவரைத் திட்டினார்கள். பம்பர் தப்புதான், டயரும் தப்புதான். ஆனால் நல்ல பம்பர் இருந்திருந்தால் வேறு எதாவது பிய்ந்திருக்கும், இல்லையென்றால் அன்றைக்குத் தப்பித்து அடுத்த தடவை வேறொருவர் கண்ணாடி உடைந்திருக்கும். காலைப் பிரீஃபிங்கில் விட்டுப்போன ஒரு வரி இது: வண்டி சிக்கினால் லீடரோ ஸ்வீப்போ வரும் வரை கயிறு வெளியே வராது, வந்த பிறகு ஒரே ஒருவர்தான் பேசுவார். ஸ்வீப் அன்றைக்கு அங்கேயேதான் இருந்தார், பாவம். ஜிப்ஸிக்காரர், வயதில் இளையவர், "அண்ணே வேண்டாம்ணே" என்று இரண்டு தடவை சொன்னது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. அண்ணன்கள் கேட்கவில்லை. ஸ்வீப் என்று பேர் வைத்துக் கடைசியில் நிறுத்தினால் போதாது, நிறுத்து என்று சொல்லும் அதிகாரத்தை எல்லோர் முன்னாலும் அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். நம் ஊரில் வயதை மீறி ஒருவர் பேச வேண்டுமென்றால் முன்கூட்டியே சபையில் சொல்லி வைக்காமல் நடக்காது.

சாமான் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ரோப் லீடரிடம் மட்டும் இருந்தால், இறக்கப் பாதையில் பின்னால் சிக்குகிற வண்டிக்கு அது இல்லாததற்குச் சமம். குறுகலான பாதையில் லீடர் வண்டி திரும்பி மேலே வரவே முடியாது. இப்போது முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு ரோப், ஒவ்வொரு மண்வெட்டி, மூன்று கம்ப்ரஸர் என்று குரூப் மாற்றியிருக்கிறது. புறப்படும் முன் ஒவ்வொரு வண்டியிலும் எந்த இடத்தில் மாட்டலாம் என்று பார்த்து, கூடாத வளையங்களில் சிவப்பு டேப் ஒட்டுகிறார்கள். அழகுக்கு மாட்டிய ஷாக்கிளைக் கழற்றச் சொன்னதற்கு இரண்டு பேர் குரூப்பை விட்டே போய்விட்டார்கள், போகட்டும்.

தோட்டத்துக்காரர் கணக்கு தனி. கானை வெட்டியதில் விளிம்பு சரிந்து அடுத்த மழையில் தண்ணீர் தடம் மாறி ஓடியது. ஜிம்னி நசுக்கியதும் நாங்கள் மிதித்ததும் சேர்த்து ஏலச்செடி ஒரு வரிசை போனது. புதுச் செடி வைத்தால் காய்க்க மூன்றாவது வருடம் ஆகும். அவர் கேட்ட தொகையைக் குரூப்பில் சிலர் அதிகம் என்றார்கள், லீடர் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டார். கான் விளிம்பில் கல் கட்டித் தர ஆள் கூலியும் கொடுத்தாயிற்று. தை மாதத்துக்கு மேல் மண் காய்ந்த பிறகு வரலாம், ஐந்து வண்டிக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.